சேர்வராயன் மலையில் பால்வாடிகள்: இடப்பற்றாக்குறையின் வரலாறு

சேர்வராயன் மலை சேலம் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக அமைந்துள்ளது. இதன் தலைமையூர் ஏற்காடு. பள்ளி வயதை எட்டாத, மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு இம்மலையில் கற்றலுக்கும் பராமரிப்புக்கும் இடம் கிடைத்த வரலாறு சமவெளி ஊர்களின் வரலாற்றிலிருந்து மாறுபட்டது. நகரத்தில் இடப்பற்றாக்குறை என்றால் குழந்தைகள் அதிகம், இருக்கைகள் குறைவு என்று பொருள். மலையில் நிலைமை இதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு சிற்றூரிலும் குழந்தைகள் குறைவாக இருப்பதாலேயே அங்கு மையம் அமைவது கடினமாக இருந்தது.

குழந்தைகள் மையம் ஒன்றைத் தொடங்குவதற்கு அரசும் சட்டமும் எப்போதும் ஓர் எண்ணிக்கையை அளவுகோலாக வைத்து வந்துள்ளன. ஒரு தோட்டத்தில் இத்தனை பெண் தொழிலாளர் இருக்க வேண்டும், ஓர் ஊரில் இத்தனை மக்கள் வாழ வேண்டும், ஒரு குடியிருப்பில் இத்தனை குழந்தைகள் இருக்க வேண்டும் என்பவை அந்த அளவுகோல்கள். அந்த எண்ணை எட்டாத ஊர்க் குழந்தைகள் கணக்கிலிருந்து விடுபட்டனர். கடந்த எழுபது ஆண்டுகளில் இந்த எண் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. மலைக் குழந்தைகளின் முன்பருவக் கல்வி வரலாறு பெருமளவுக்கு இந்த எண் குறைந்து வந்த வரலாறே ஆகும்.

மலையும் குடியிருப்புகளும்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலத்திலிருந்து செல்லும் முதன்மைச் சாலை 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறுகிறது. குப்பனூர் வழியாக மற்றொரு சாலை உண்டு. ஏற்காடு வட்டத்தின் பரப்பு காப்புக்காடுகள் உட்பட ஏறத்தாழ 380 சதுர கிலோமீட்டர். ஏற்காடு, நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை, மாரமங்கலம், செம்மநத்தம், வாழவந்தி, தலைச்சோலை, வேலூர் ஆகிய ஊராட்சிகள் இம்மலையில் உள்ளன. ஒவ்வோர் ஊராட்சியும் பல சிற்றூர்களைக் கொண்டது. சில வீடுகள், அவற்றைச் சுற்றிய புன்செய் நிலம், அடுத்து ஓர் ஓடை அல்லது காடு, அதற்கப்பால் மீண்டும் சில வீடுகள் என்பதே இங்குள்ள குடியிருப்பு அமைப்பு.

மலையின் பூர்வகுடிகளில் பெரும்பான்மையினர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இப்பெயர் கேரளத்தவரைக் குறிப்பதன்று. மலைவாழ் மக்கள் என்ற பொருளில் வழங்குவது. இவர்கள் தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பியர் மூவரில் மூத்தவர் சேர்வராயன் மலையிலும், மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறினர் என்பது இவர்களிடையே வழங்கும் தொன்மம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களில் மலையாளிகள் 3,57,980 பேர். மாநிலத்தின் பழங்குடிச் சமூகங்களில் இவர்களே எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதியாகும்.

இவ்வளவு பெரிய சமூகமாக இருந்தும் இவர்களின் குடியிருப்புகள் சிறியவை. முன்பருவக் கல்வியைப் பொறுத்தவரை இதுவே முதன்மையான தடை. மூன்று வயதுக் குழந்தை சமவெளியில் அடுத்த தெருவுக்கு நடந்துவிடும். மலையில் அடுத்த ஊர் வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்றாலும், நடந்து செல்லும்போது அது ஏற்றமும் இறக்கமும் கொண்ட பாதை. பனிமூட்டமும் மழையும் காட்டுமாடுகளின் நடமாட்டமும் உள்ள பாதையில் அந்த வயதுக் குழந்தையைத் தினமும் யாரேனும் ஒருவர் கொண்டுபோய் விட்டு, மீண்டும் அழைத்து வர வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் அன்றைய கூலியை இழக்கும் தாய், அல்லது அன்றைய பள்ளியை இழக்கும் அக்காள்.

காப்பித் தோட்டமும் தூளியும்

1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் பலர் இங்குத் தோட்டங்கள் அமைத்தனர். மலைவாழ் மக்களும் அடிவாரத்திலிருந்து வந்தவர்களும் தோட்டக் கூலிகளாயினர். களையெடுப்பு, பழம் பறிப்பு, காயவைத்துப் பிரித்தல் ஆகிய வேலைகளில் பெண்களே மிகுதி.

அராபிகா காப்பியின் பழங்கள் பொதுவாக நவம்பர் தொடங்கி சனவரி, பிப்ரவரி வரை பறிக்கப்படுகின்றன. பழுத்த பழங்களை மட்டும் தேர்ந்து பறிக்க வேண்டியிருப்பதால் ஒரே செடிக்குப் பலமுறை திரும்ப வர வேண்டும். எனவே அறுவடைக் காலத்தில் கைகள் அதிகம் தேவைப்படும். மலையில் கடுங்குளிர் நிலவும் மாதங்களும் இவையே. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் மிகவும் தேவைப்படும் காலமும், வீட்டில் அதற்கு ஆள் இல்லாமல் போகும் காலமும் ஒன்றாகவே அமைந்தன.

நிறுவனம் எதுவும் இல்லாத காலத்தில் தமிழ்நாட்டின் உழைக்கும் பெண்கள் கையாண்ட வழியே தோட்டத்திலும் தொடர்ந்தது. கைக்குழந்தையைச் சேலைத் தூளியில் மரக்கிளையில் கட்டிப் போடுவர். நடக்கத் தொடங்கிய குழந்தையை வேலை செய்யும் இடத்திலேயே கண்ணெதிரில் விளையாட விடுவர். வயதான பாட்டி இருந்தால் அவர் பொறுப்பில் விடுவர். அவரும் இல்லாத வீட்டில் ஏழெட்டு வயதுச் சிறுமி தம்பியையோ தங்கையையோ இடுப்பில் சுமப்பாள். செலவில்லாதது போலத் தோன்றும் இந்த ஏற்பாட்டுக்கு அந்தச் சிறுமியின் படிப்பு விலையானது.

மலைநகரப் பள்ளிகள்

பள்ளிக்கூடங்களுக்குப் பெயர்பெற்ற ஊர் ஏற்காடு. குளூனி சபையின் புனித சூசையப்பர் கன்னியர்கள் 1894இல் திரு இருதயப் பள்ளியைத் தொடங்கினர். புனித கபிரியேல் சகோதரர் சபை 1917இல் மான்ட்போர்ட் பள்ளியை நிறுவியது. குளிர்ந்த மலைநகரங்களில் உறைவிடப் பள்ளி அமைப்பது பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் இந்தியா முழுவதும் காணப்பட்ட வழக்கம். உதகமண்டலம், கொடைக்கானல், டார்ஜிலிங் ஆகிய இடங்களிலும் இவ்வாறே நடந்தது. ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோரின் பிள்ளைகளை முன்னிட்டுத் தொடங்கிய இத்தகைய பள்ளிகள் விடுதலைக்குப் பின் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி அளித்தன.

உறைவிடப் பள்ளி என்ற அமைப்பு வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஏற்றது. ஒரு மலைநகரத்தில் பள்ளிகள் பல இருப்பதால் மட்டும் அதைச் சுற்றியுள்ள மலைக்கிராமத்தின் மூன்று வயதுக் குழந்தைக்கு இடம் கிடைத்துவிடுவதில்லை. அந்தக் குழந்தைக்குத் தேவை புகழ்பெற்ற பள்ளியன்று. தன் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஓர் அறையும், அதில் ஒரு பெரியவரும், பகலில் ஒரு வேளை உணவும்.

பால்வாடி என்ற சிந்தனை

தமிழ்நாட்டில் முன்பருவ மையத்தை மக்கள் இன்றும் 'பால்வாடி' என்றே அழைக்கின்றனர். அங்குப் பால் கொடுப்பதால் வந்த பெயர் என்று பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் 'பால்' என்பது குழந்தையைக் குறிக்கும் வடநாட்டுச் சொல். 'வாடி' என்பது தோட்டம். குழந்தைகளின் தோட்டம் என்பது இதன் பொருள்.

இச்சிந்தனையை இந்தியாவில் வளர்த்தவர்களில் முதன்மையானவர்கள் குசராத்தின் கிஜுபாய் பதேகாவும், அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக்கும் ஆவர். நகரக் குழந்தைகளுக்கு மட்டுமே எட்டிய மழலையர் கல்வியைச் சிற்றூருக்குக் கொண்டு செல்ல விரும்பிய தாராபாய், 1945இல் மகாராட்டிரத்தின் கடலோர ஊரான போர்டியில் பணியைத் தொடங்கினார். 1957இல் அப்பணி வார்லி பழங்குடியினர் வாழும் கோஸ்பாடு குன்றுப் பகுதிக்கு மாறியது. அவருடைய உடனுழைப்பாளர் அனுதாய் வாக்.

கோஸ்பாடு அனுபவம் சேர்வராயன் மலை போன்ற இடங்களுக்கு மிகவும் பொருந்துவது. குழந்தைகள் மையத்துக்கு வராதபோது மையத்தைக் குழந்தைகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டு செல்வது என்று அவர்கள் முடிவு செய்தனர். குடியிருப்பின் முற்றத்திலேயே குழந்தைகளைக் கூட்டிப் பாட்டும் கதையும் விளையாட்டும் நடத்தினர். முற்றத்தைக் குறிக்கும் 'அங்கன்' என்ற சொல்லிலிருந்தே அங்கன்வாடி என்ற பெயர் பிறந்தது. ஆடு மாடு மேய்க்கும் சிறுவர்களுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடத்தினர். பின்னர் கைக்குழந்தைக் காப்பகம், பால்வாடி, தொடக்கப்பள்ளி ஆகிய மூன்றையும் ஒரே வளாகத்தில் இணைத்தனர். இந்த இணைப்பால், தம்பி தங்கையைச் சுமந்திருந்த சிறுமி அவர்களைக் காப்பகத்தில் விட்டுவிட்டுத் தானும் வகுப்பில் உட்கார முடிந்தது.

தமிழ்நாட்டிலும் இதே காலத்தில் மழலையர் கல்வி குறித்த ஆர்வம் பெருகியது. 1939இல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர் பயிற்சி வகுப்பை நடத்தினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தபோது வெவ்வேறு வயதுக் குழந்தைகளோடு பணியாற்றினார். எனினும் அவரது முறை பெரும்பாலும் நகரத்துத் தனியார் பள்ளிகளிலேயே வேரூன்றியது.

போருக்குப் பிந்தைய கல்வி வளர்ச்சிக்காக 1944இல் உருவான சார்ஜென்ட் அறிக்கை, நாடு முழுவதும் மழலையர் பள்ளிகளில் 10 லட்சம் இடங்கள் வேண்டும் என்று கூறியது. போதிய குழந்தைகள் அருகருகே உள்ள நகரங்களில் தனி மழலையர் பள்ளிகளும், மற்ற இடங்களில் தொடக்கப் பள்ளியோடு இணைந்த மழலையர் வகுப்புகளும் அமையலாம் என்பது அதன் பரிந்துரை. குழந்தைகள் குறைவான ஊருக்கு வேறு வகை அமைப்பு வேண்டும் என்பதை அந்த அறிக்கை உணர்ந்திருந்தது. ஆனால் பின்வந்த பத்தாண்டுகளில் அரசின் கவனமும் நிதியும் தொடக்கக் கல்விக்கே சென்றன. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 14 வயது வரையிலான குழந்தைகளின் கல்வியைப் பத்தாண்டுகளில் எட்ட வேண்டிய இலக்காக வைத்தது. நடைமுறையில் அது ஆறு வயதில் தொடங்கும் கல்வியாகவே கொள்ளப்பட்டது.

1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. அது தொண்டு நிறுவனங்கள் வழியாகவும் நலப்பணித் திட்டங்கள் வழியாகவும் சிற்றூர்களில் பால்வாடிகளை ஊக்குவித்தது. இவை எங்கே ஆர்வமுள்ள அமைப்பு இருந்ததோ அங்கேதான் அமைந்தன. எனவே சாலையிலிருந்து விலகிய ஊர்களுக்கு எட்டவில்லை.

தோட்டச் சட்டமும் ஐம்பது பெண்களும்

மலைத் தோட்டங்களின் குழந்தைகளுக்குச் சட்டப்படி இடம் உறுதி செய்த முதல் பெரிய முயற்சி 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண் தொழிலாளர் வேலை செய்யும் தோட்டத்தில் அவர்களின் குழந்தைகளுக்கான காப்பகத்தை முதலாளியே அமைத்து நடத்த வேண்டும் என்று இச்சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறியது. அறை போதிய வெளிச்சமும் காற்றோட்டமும் தூய்மையும் உடையதாக இருக்க வேண்டும்; குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண் அதன் பொறுப்பில் இருக்க வேண்டும்.

வால்பாறை போன்ற தேயிலைப் பகுதிகளில் இப்பிரிவு பொருள் உடையதாக இருந்தது. அங்கே பெரிய நிறுவனங்களின் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப்படுகிறது; தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றாக வாழ்கின்றனர். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களிலும் இதே அடிப்படையில் காப்பகங்கள் இயங்கின. தோட்டத் தமிழர் அவற்றைப் 'பிள்ளைக் காம்பரா' என்று அழைத்தனர். பிற்காலத்தில் அவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்ற பெயர் பெற்றன.

சேர்வராயன் மலையின் நிலைமை வேறு. தமிழ்நாட்டின் காப்பி நிலவுடைமைகளில் மிகப் பெரும்பான்மையானவை 10 எக்டேருக்கும் குறைவானவை. சிறு தோட்டத்தில் 50 பெண்கள் நிரந்தரமாக வேலை செய்வதில்லை. அறுவடையின்போது ஒரே பெண் ஒரு வாரம் ஒரு தோட்டத்திலும் மறுவாரம் மற்றொரு தோட்டத்திலும் பறிக்கிறாள். பத்துத் தோட்டங்களில் பத்துப் பத்துப் பெண்கள் வேலை செய்தால் அந்தப் பள்ளத்தாக்கில் உழைக்கும் தாய்மார் நூறு பேர். ஆனால் சட்டம் பள்ளத்தாக்கை எண்ணவில்லை. ஒவ்வொரு முதலாளியையும் தனித்தனியே எண்ணியது. நூறு பேர் இருந்தும் காப்பகக் கடமை எவருக்கும் இல்லை.

1981ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த இடைவெளியை ஓரளவு குறைத்தது. ஒப்பந்தக்காரர் வழியாக வரும் பெண்களும் கணக்கில் சேர்க்கப்பட்டனர். பெண்கள் 50 பேர் இல்லாவிட்டாலும் அவர்களின் குழந்தைகள் 20 பேர் இருந்தால் காப்பகம் வேண்டும் என்ற மாற்று அளவுகோலும் வந்தது. தாய்மாரை எண்ணுவதிலிருந்து குழந்தைகளை எண்ணுவதற்குச் சட்டம் நகர்ந்தது முக்கியமான மாற்றம். ஆயினும் எண்ணும் அலகு தனித்தனித் தோட்டமாகவே நீடித்தது.

சத்துணவும் அங்கன்வாடியும்

மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு 1972இல் முன்பருவக் குழந்தை வளர்ச்சி பற்றிய அறிக்கையை அளித்தது. குழந்தையின் உணவு, உடல்நலம், கல்வி ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஒன்றாக வழங்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாடு முழுவதும் 33 இடங்களில் தொடங்கப்பட்டது. இதன் மையமே அங்கன்வாடி. தாராபாயின் முற்றத்துப் பள்ளி இவ்வாறு அரசுத் திட்டத்தின் பெயராயிற்று.

தமிழ்நாட்டில் திருப்புமுனையாக அமைந்தது 1982 சூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம். பள்ளி மாணவரோடு நில்லாமல், ஊரகங்களில் இரண்டு வயதைக் கடந்த முன்பருவக் குழந்தைகளுக்கும் இத்திட்டம் மதிய உணவு அளித்தது. இதற்காகக் குழந்தைகள் நல மையங்கள் பெருமளவில் தோன்றின. உணவு சமைக்க ஓர் இடமும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாவும், பொறுப்பாளர் ஒருவரும் சிற்றூர்தோறும் தேவைப்பட்டனர். உணவுக்காக அமைந்த அறையே பின்னர் பாட்டும் எழுத்தும் கற்பிக்கும் அறையாகியது. உழைக்கும் தாய்க்கு இது இரட்டைப் பயன்: பகலில் குழந்தைக்குச் சோறு உறுதி, பாதுகாப்பும் உறுதி. நாளடைவில் இம்மையங்களும் அங்கன்வாடிகளும் ஒரே அமைப்பாயின.

எண்ணிக்கை அளவுகோல்

அங்கன்வாடி அமைப்பதற்குத் தொடக்கத்தில் சமவெளியில் 1,000 பேருக்கு ஒன்று, பழங்குடிப் பகுதியில் 700 பேருக்கு ஒன்று என்ற அளவுகோல் இருந்தது. 700 பேர் ஒரே இடத்தில் வாழும் ஊர்கள் மலையில் குறைவு. பல சிற்றூர்களைச் சேர்த்து ஒரு மையம் அமைத்தால், அது இருக்கும் ஊரின் குழந்தைகளே முழுப்பயன் பெறுவர். மற்ற ஊர்க் குழந்தைகளின் பெயர் பதிவேட்டில் இருக்கும். எடை பார்க்கவும் சத்துமாவு வாங்கவும் தாய்மார் வந்து செல்வர். அன்றாட முன்பருவக் கல்வி மட்டும் அவர்களுக்குக் கிடைக்காது. காகிதத்தில் பற்றாக்குறை மறைந்துவிடும், ஊரில் மறையாது.

உணவு உரிமைக்காக மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதில் தலையிட்டது. 2001 நவம்பர் 28 அன்று ஒவ்வொரு குடியிருப்பிலும் அங்கன்வாடி அமைய வேண்டும் என்று ஆணையிட்டது. 2006 டிசம்பர் 13 அன்று வந்த தீர்ப்பு மேலும் ஒரு படி சென்றது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேராவது உள்ள, அங்கன்வாடி இல்லாத குடியிருப்பின் மக்கள் கேட்டால், மூன்று மாதங்களுக்குள் மையம் அமைத்துத் தர வேண்டும் என்றது. இதன் பிறகே நாடு முழுவதும் மையங்களின் எண்ணிக்கையை 14 லட்சமாக உயர்த்தும் விரிவாக்கம் நடந்தது. அளவுகோல்களும் மாறின.

அளவுகோல்கள் மாறிய விதம் பின்வருமாறு:

- 1951: தோட்டத்தில் 50 பெண் தொழிலாளர் இருந்தால் காப்பகம்.
- 1981: 50 பெண் தொழிலாளர், அல்லது அவர்களின் குழந்தைகள் 20 பேர்.
- அங்கன்வாடித் திட்டத்தின் தொடக்க அளவுகோல்: பழங்குடிப் பகுதியில் 700 பேருக்கு ஒரு மையம்.
- 2006: குடியிருப்பில் 40 குழந்தைகள் இருந்தால் மக்கள் கேட்டுப் பெறும் உரிமை.
- தீர்ப்புக்குப் பிந்தைய அளவுகோல்: மலை, பழங்குடிப் பகுதிகளில் 300 முதல் 800 பேருக்கு ஒரு மையம், 150 முதல் 300 பேர் உள்ள இடத்தில் குறு அங்கன்வாடி.

இந்த எண்கள் ஒரு மலைச் சிற்றூரில் என்ன பொருள் தருகின்றன என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2011இல் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி, அதில் 0 முதல் 6 வயது வரையிலானோர் ஏறத்தாழ 74 லட்சம். இதே விகிதத்தில் பார்த்தால், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருக்க ஓர் ஊரில் சுமார் 450 பேர் வாழ வேண்டும். பழங்குடி ஊரில் குழந்தைகளின் விகிதம் சற்றுக் கூடினாலும் கணக்கு பெரிதும் மாறாது. 150 பேர் வாழும் ஊரில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் ஆறேழு பேர் இருப்பர். 100 பேர் வாழும் ஊரில் நால்வர் அல்லது ஐவர். அந்த ஐவருக்கு எந்த அளவுகோலும் மையம் தருவதில்லை. இத்தகைய ஐவர் எத்தனை சிற்றூர்களில் உள்ளனரோ, அத்தனை மடங்கு மலையின் பற்றாக்குறை.

குறு அங்கன்வாடி இக்குறையைப் போக்க வந்த ஏற்பாடு. தமிழ்நாட்டின் 54,439 அங்கன்வாடிகளில் 4,940 இவ்வகையினவாக இருந்தன. முதன்மை மையத்தில் பணியாளரோடு உதவியாளரும் இருப்பார். குறு மையத்தில் பணியாளர் ஒருவர் மட்டுமே. சமையல், பதிவேடு, வீட்டுப் பார்வை, தடுப்பூசி நாள், அலுவலகக் கூட்டம் ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. அவர் கூட்டத்துக்காக மலையிறங்கினால் அன்று மையத்தைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. மிகத் தொலைவான ஊருக்கு மிகக் குறைந்த ஆள்பலம் என்ற முரண்பாடு இவ்வாறு உருவானது.

மக்கள் கண்ட வழிகள்

இடம் கிடைக்காதபோது குடும்பங்கள் சும்மா இருப்பதில்லை. இந்தியாவின் மலைப்பகுதிகளில் சில வழிகள் பரவலாகக் காணப்படுகின்றன. ஒன்று, தொடக்கப் பள்ளிக்குச் செல்லும் அண்ணன் அக்காளோடு சின்னவனையும் அனுப்பிவிடுவது. ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் பெயர் பதிவில்லாத நான்கு வயதுக் குழந்தை முதல் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். ஆசிரியர் இதைக் கண்டும் காணாமல் விடுவது பெரும்பாலும் இரக்கத்தினால்தான். அக்குழந்தையை அனுப்பிவிட்டால் அதைப் பார்த்துக்கொள்ள அக்காளும் வீட்டுக்குப் போய்விடுவாள் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டாவது வழி, அங்கன்வாடி உள்ள ஊரில் வாழும் உறவினர் வீட்டில் குழந்தையை விடுவது. மூன்றாவது, வசதி உள்ளவர்கள் கட்டணம் செலுத்தி வேன் வரும் தனியார் பள்ளியில் சேர்ப்பது. நான்காவது, ஆறு வயது வரை காத்திருந்து உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்ப்பது. பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் தொலைதூரக் குழந்தைகளுக்குப் பெருந்துணை. ஆனால் வீட்டை விட்டு முதன்முறையாகப் பிரியும் குழந்தை, முன் அனுபவம் எதுவுமின்றி ஒரே நாளில் விடுதிக்கும் வகுப்புக்கும் பாடநூலுக்கும் பழக வேண்டியிருக்கிறது. முன்பருவக் கல்வியின் இன்மை இக்குழந்தையிடம் மிகக் கடுமையாக வெளிப்படுகிறது.

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இதன் மற்றொரு பக்கத்தைக் கண்டது. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் சிறுமியர் பள்ளிக்கு வருவதற்காகவே பகல்நேரக் காப்பகங்கள் அமைய வேண்டும் என்று அது கூறியது. ஓர் இடம் இல்லாமல் போனால் இழப்பது ஒரு குழந்தையன்று. இரண்டு குழந்தைகள் என்பதை அரசு ஆவணமே ஒப்புக்கொண்ட தருணம் அது.

எல்.கே.ஜி. காலம்

2000ஆம் ஆண்டுக்குப் பின் பெற்றோரின் எதிர்பார்ப்பு மாறியது. சோறும் பாதுகாப்பும் போதும் என்ற நிலை மாறி, ஆங்கில எழுத்தும் சீருடையும் கொண்ட எல்.கே.ஜி. வகுப்பைத் தேடினர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலானோருக்கே உரிமை அளித்தது. மூன்று முதல் ஆறு வயதினருக்கு இலவச முன்பருவக் கல்வி அளிக்க அரசு ஏற்பாடு செய்யலாம் என்று மட்டும் 11ஆம் பிரிவு கூறியது. தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கும் விதி எல்.கே.ஜி.க்கும் பொருந்தியது. ஆனால் அருகில் தனியார் பள்ளியே இல்லாத ஊருக்கு இந்த விழுக்காட்டால் பயனில்லை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்நாடு அரசு 2019 சனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. 2022 சூனில் இவ்வகுப்புகள் நிறுத்தப்படும் என்ற செய்தி வெளியானபோது எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே அவை தொடரும் என்று அரசு அறிவித்தது. அரசு மழலையர் வகுப்புக்குப் பெற்றோரிடம் இருந்த வரவேற்பை இது காட்டியது. ஆயினும் இங்கும் ஓர் அளவுகோல் இருந்தது. நடுநிலைப் பள்ளியும் அதன் வளாகத்தில் அங்கன்வாடியும் உள்ள ஊருக்கே இவ்வகுப்பு. தொடக்கப் பள்ளி மட்டும் உள்ள மலைச் சிற்றூர் மீண்டும் வரிசைக்கு வெளியே நின்றது.

அளவுகோலை மாற்றிய முயற்சிகளின் பாடம்

இந்த வரலாற்றில் இருவகை முயற்சிகள் தெரிகின்றன. ஒன்று, எண்ணைக் குறைத்துக்கொண்டே வருவது. 700 என்பது 300 ஆகவும், பின்னர் 150 ஆகவும் குறைந்தது. இது பயன் தந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் எண்ணுக்குக் கீழே சில ஊர்கள் எஞ்சின. மற்றொன்று, எண்ணும் அலகையே மாற்றுவது. கோஸ்பாடு முற்றத்துப் பள்ளி இத்தனை பேர் வந்தால்தான் பாடம் என்று காத்திருக்கவில்லை. 1969இல் மீரா மகாதேவன் தில்லியில் தொடங்கிய நடமாடும் குழந்தைக் காப்பகங்களும் இவ்வகையே. கட்டடத் தொழிலாளர் எங்கே இடம்பெயர்ந்தனரோ அங்கே காப்பகமும் சென்றது. தொடக்கப் பள்ளியோடு மழலையர் வகுப்பை இணைக்கும் 1944ஆம் ஆண்டுப் பரிந்துரையும் இதே வழியைச் சேர்ந்தது. ஏற்கெனவே ஒரு கட்டடமும் ஓர் ஆசிரியரும் உள்ள இடத்தில் மேலும் ஒருவரை அமர்த்தினால், ஐந்து குழந்தைகளுக்கும் வகுப்பு நடத்த இயலும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பழங்குடிப் பகுதி உறைவிடப் பள்ளிகளில் முன்பருவக் கல்வியைப் படிப்படியாகக் கொண்டுவர வேண்டும் என்று கூறுவதும் இதற்கு நெருக்கமானதே. எனினும் மூன்று வயதுக் குழந்தைக்கு உறைவிடம் ஏற்றதன்று. வீட்டருகே உள்ள இடமே ஏற்றது.

காப்பித் தோட்டங்களுக்கும் இதே பாடம் பொருந்தும். ஒவ்வொரு சிறு தோட்டமும் தனித்தனியே காப்பகம் நடத்த இயலாது. ஒரு பள்ளத்தாக்கின் தோட்டங்கள் அனைத்தையும் ஓர் அலகாகக் கொண்டு, அங்கன்வாடியோடு இணைந்த பொதுக் காப்பகம் அமைந்தால் அறுவடை மாதங்களில் தாய்மாருக்குத் துணையாகும். மாலை வரை இயங்கும் அங்கன்வாடி இணைந்த காப்பகங்களுக்கு மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு 'பால்னா' திட்டம் வழி வகுத்துள்ளது. தோட்ட வேலை முடியும் நேரமும் மையம் மூடும் நேரமும் பொருந்துவது, மையம் இருப்பதைப் போலவே முக்கியமானது.

மலைச் சிற்றூரில் ஐந்து குழந்தைகள் என்பது மாநிலக் கணக்கில் புறக்கணிக்கத்தக்க எண்ணாகத் தெரியலாம். அந்த ஊரைப் பொறுத்தவரை அது ஊரின் மழலையர் அனைவரும். அவர்களில் எவருக்கும் இடம் இல்லாவிட்டால் அங்கே பற்றாக்குறை நூறு விழுக்காடு. எத்தனை குழந்தைகள் இருந்தால் மையம் வரும் என்று கேட்டு வந்த நிர்வாகம், இந்த ஊரின் குழந்தைகள் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று கேட்கத் தொடங்கும்போது, சேர்வராயன் மலையின் நீண்ட பற்றாக்குறை முடிவை நோக்கி நகரும்.